6 முதல் 8 வரை அறிவியல் வகுப்பில் என்ன நடக்கும், வீட்டில் நாம் என்ன செய்யலாம்

ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும், யாராவது ஒரு அம்மா வாசலில் நிறுத்திக் கேட்பார்: "சார், அஞ்சாவது வரைக்கும் அறிவியல் நல்லாத்தான் படிச்சா, இப்போ புக்கைத் திறந்தாலே தூக்கம் வருதுங்கறா, என்னன்னு பாருங்க." ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வருகிறது. வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நம் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 6, 7, 8 படிக்கும் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கும், தாத்தா பாட்டி வளர்ப்பில் இருக்கும் பிள்ளைகளின் வீட்டாருக்கும் சேர்த்துத்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று வருடத்தில் மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட, பிள்ளை கையால் எதையாவது செய்து பார்க்கிறதா, பார்த்ததைத் தன் வார்த்தையில் சொல்கிறதா என்று பாருங்கள். 9-ஆம் வகுப்பு போனபிறகு பாடம் ஓடுகிற வேகத்தில் இந்தப் பழக்கத்தைப் புதிதாக உண்டாக்க நேரமே கிடைக்காது.

6-ஆம் வகுப்பில் திடீரென்று என்ன மாறுகிறது

5-ஆம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடமும் எடுப்பார். எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எது அழுதுகொண்டு வந்தது என்பது வரை அவருக்குத் தெரியும். 6-க்கு வந்ததும் மணி அடிக்க அடிக்க ஆள் மாறும். அறிவியல் ஆசிரியர் ஒருவரே இயற்பியல், வேதியியல், தாவரம், விலங்கு எல்லாம் எடுப்பார், கடைசியில் ஒரு கணினிப் பாடமும் சேர்ந்துகொள்ளும். முதல் பருவத்தின் முதல் பாடம் 'அளவீடுகள்'. மரம், பறவை, உணவு என்று படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் அலகு, மில்லிமீட்டர், 'இடமாறு தோற்றப் பிழை' என்று வந்தால் மிரளத்தான் செய்யும்.

அந்தப் பிழை என்னவென்று உங்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது. ஒரு ஸ்கேலை மேசையில் வைத்து, அதற்கு மேல் ஒரு விரல் உயரத்தில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, முனை எந்தக் கோட்டில் இருக்கிறது என்று மூன்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்வேன். இடப்பக்கம் நிற்பவன் ஒன்று சொல்வான், வலப்பக்கம் நிற்பவள் வேறொன்று சொல்வாள், நேர் மேலிருந்து பார்ப்பவள் மூன்றாவதாக ஒன்று சொல்வாள். ஒரு நிமிடம் சண்டை நடக்கும். அப்புறம் இடத்தை மாற்றி நிறுத்தினால் மூவரின் விடையும் மாறிவிடும், அப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பொய் சொல்லாமலே மூன்று பேர் மூன்று விடை சொல்ல முடியும், எங்கிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று பிடிபட்ட பிள்ளைக்கு அந்தப் பெயரை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

இன்னொன்று, இங்கே பாடங்கள் ஏணிப்படி மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன. அளவீடு 6-இல் வரும், 7-இல் வரும், 8-இலும் வரும். விசை, வெப்பம், மின்சாரம், 'நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்' எல்லாமே மறுபடி மறுபடி வந்து ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே போகும். அதனால் 8-இல் 'அமிலங்கள் மற்றும் காரங்கள்' புரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பாடத்தில் இருக்காது, 6-இல் 'அன்றாட வாழ்வில் வேதியியல்' நடந்த வாரம் பிள்ளை அம்மை போட்டு வீட்டில் இருந்திருக்கும். பழைய பருவப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள், 8 முடிகிற வரை அலமாரியில் ஓர் ஓரத்தில் கிடக்கட்டும்.

6, 7 வகுப்புகளுக்கு ஆண்டு மூன்று பருவமாகப் பிரிந்து ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம் வரும். 8-இல் அறிவியலுக்கு ஆண்டு முழுக்க ஒரே புத்தகம், 23 அலகுகள். பையும் கனக்கும், படிக்க வேண்டியதும் கனக்கும்.

ஆங்கில வழிப் பிள்ளை, தமிழ் வழி அம்மா

இப்போது நிறைய வீடுகளில் இதுதான் நிலைமை. அம்மா தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவர், பிள்ளை ஆங்கில வழியில் சேர்ந்திருக்கும். 'எனக்கு ஒண்ணும் தெரியாது, நீயே படிச்சுக்கோ' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். பாடநூல் கழகத்தின் புத்தகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடவரிசையில், ஏறக்குறைய அதே படங்களோடு வருகிறது. இன்னொரு வழிப் புத்தகத்தை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டில் தமிழ் வழிப் பிள்ளை இருந்தால் இரவல் வாங்கினாலே போதும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். பிள்ளை 'மேட்டர்' என்று படிக்கும்போது உங்கள் புத்தகத்தில் 'பருப்பொருள்' என்று இருக்கும். அது 'மேக்னட்' என்றால் நீங்கள் காந்தம் என்பீர்கள், உடனே அதற்குப் பிடிபட்டுவிடும், ஏனென்றால் காந்தத்தை அது ஏற்கெனவே கையில் வைத்து விளையாடியிருக்கிறது. அரை மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் டியூஷனைவிட நல்ல பலன் கிடைக்கும் என்பது நான் பல வீடுகளில் பார்த்தது.

பாடத்துக்குள் சதுரமாக ஒரு கியூஆர் குறியீடு இருக்கும், போனில் காட்டினால் வீடியோ வரும். நல்ல வீடியோக்கள் உண்டு, ஆனால் அதைப் பார்த்ததும் பாடம் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அடுத்த வீடியோ தானாக ஓட ஆரம்பிப்பதற்குள் போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறோம்

பருவமுறையில் 100-இல் 40 வகுப்பறை வேலைக்கு, 60 பருவத் தேர்வுக்கு. அந்த 40-க்கு வளரறி மதிப்பீடு என்று பெயர். அதில் 20 செயல்பாடுகளுக்கு (சேகரித்தல், வரைதல், செய்து காட்டுதல், குழுவாகச் செய்வது), இன்னொரு 20 சின்னச் சின்ன எழுத்துத் தேர்வுகளுக்கு. பருவத்தின் கடைசியில் வருகிற 60 மதிப்பெண் தேர்வுக்குத் தொகுத்தறி மதிப்பீடு என்று பெயர். பெற்றோர் எல்லாரும் அந்த 60-ஐ மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் செயல்பாட்டு 20-இல்தான் பிள்ளை யார் என்று தெரியும்.

அதில் எனக்கே ஒரு தவறு நடந்திருக்கிறது. பல வருடம் முன்பு மனித உறுப்பு மண்டலம் பாடத்துக்கு மாதிரி செய்து வரச் சொன்னேன். ஒரு பையன் தெர்மாகோலில் பளபளவென்று வண்ணம் அடித்து, பாகங்களுக்கு அச்சடித்த பெயர் ஒட்டி எடுத்து வந்தான், கடையில் செய்து வாங்கியது என்று பார்த்ததுமே தெரிந்தது. இன்னொரு பெண் இரண்டு பலூனையும் குளிர்பான ஸ்ட்ராவையும் வெட்டின பிளாஸ்டிக் பாட்டிலில் செருகி, அடியில் கிழிந்த பலூன் தோலைக் கட்டி, அதை இழுத்தால் உள்ளே இருக்கும் பலூன் உப்புகிற மாதிரி செய்திருந்தாள். டேப்பெல்லாம் பிய்ந்து தொங்கியது. அன்றைக்கு அவசரத்தில் தெர்மாகோலுக்கு 10, பாட்டிலுக்கு 7 போட்டேன். மூச்சு விடும்போது உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை) என்ன செய்கிறது என்று அந்த வகுப்பிலேயே கையால் தெரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான், அவளுக்கு நான் 7 போட்டேன். அடுத்த முறை அவள் ஒரு சார்ட் வாங்கி எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். இன்றுவரை மனதை அறுக்கிறது.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், பிராஜெக்ட் என்று வந்தால் கடைக்கு ஓடாதீர்கள். நீங்களே ராத்திரி உட்கார்ந்து செய்து கொடுக்கவும் வேண்டாம். படம் வரைந்து பாகம் குறிக்கிற வேலைக்கும் இதேதான், கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளையே பென்சிலால் வரையட்டும். ஆசிரியர் அழகுக்கு மார்க் போடுகிறார் என்று தெரிந்தால் தயங்காமல் வந்து கேளுங்கள். என்னை அன்று யாராவது கேட்டிருக்கலாம்.

செய்முறை என்று சொல்கிறார்களே, உண்மையில் எவ்வளவு நடக்கும்

நடுநிலைப் பள்ளியில் தனி ஆய்வகம் இருப்பது அரிது. ஒரு பீரோவில் கொஞ்சம் சோதனைக்குழாய், லிட்மஸ் தாள், காந்தம், பேட்டரி, ஒரு நுண்ணோக்கி இருக்கும். 'செல்' பாடம் வரும்போது பெரிய வெங்காயத்தின் உள்தோலை உரித்து, கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு விரித்து, அயோடின் ஒரு துளி விட்டுப் பார்க்கச் சொல்வேன். 35 பிள்ளைகள், ஒரே நுண்ணோக்கி, ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். முதலில் பார்க்கிற பிள்ளை "சார், செல் தெரியுது" என்று கத்தும். போய்ப் பார்த்தால் கறுப்பு வளையமாக ஒரு காற்றுக் குமிழி. அடுத்தது தன் கண் இமை முடியையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று பேர் போனபிறகுதான், செங்கல் அடுக்கின சுவர் மாதிரி வரிசை வரிசையாக, உள்ளே ஒரு புள்ளியோடு, நிஜமான செல் தெரியும். 1665-இல் இராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் பார்த்து செல் என்று பெயர் வைத்தார் என்பது புத்தகத்தில் ஒரு வரி. வெங்காயத்தோலைப் பார்த்த பிள்ளைக்கு அந்த வரி மறக்காது.

அன்று பிள்ளை வீட்டுக்கு வந்தால் 'என்ன படிச்சே' என்று பொதுவாகக் கேட்காமல், 'உனக்கு என்ன தெரிஞ்சுது, வரைஞ்சு காட்டு' என்று கேளுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் எங்களுக்கு வேண்டிய தகவல்தான், மறுநாள் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியாக இருந்தால் வானவில் மன்றம் பற்றிக் கேளுங்கள். 2022 நவம்பரில் 6 முதல் 8 வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. கருத்தாளர்கள் பள்ளிக்குப் பள்ளி பொருட்களோடு வந்து எளிய சோதனைகளைப் பிள்ளைகள் கையாலேயே செய்ய வைப்பார்கள். அவர்கள் வருகிற நாளில் பிள்ளையைக் கல்யாணம், காதுகுத்து என்று லீவு போட வைக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குழுவாகச் செய்யும்போது பையன்கள் முண்டியடித்து ஒயரையும் பேட்டரியையும் எடுத்துக்கொள்வார்கள், பெண்கள் அழகாக எழுதுவார்கள் என்று நோட்டை அவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். எழுதுகிறவள் பொருளைத் தொடாமலேயே பீரியடு முடிந்துவிடும். நான் இப்போது பாதி நேரத்தில் கைமாற்றி விடுகிறேன். உங்கள் மகளிடம் 'இன்னைக்கு யார் ஒயரை மாட்டினது' என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்

பெரிதாக ஒன்றும் வேண்டாம், அடுப்படியே போதும். ஐஸ் தண்ணீர் ஊற்றின எவர்சில்வர் டம்ளர் கொஞ்ச நேரத்தில் வெளியே வேர்க்கும். ஏன் என்று கேளுங்கள். பாதிப் பிள்ளைகள் 'உள்ள இருக்கிற தண்ணி கசியுது' என்று சொல்லும். உடனே 'தப்பு, காற்றில் இருக்கிற நீராவி குளிர்ந்து…' என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிடாதீர்கள். 'சரி, அப்படின்னா ஐஸ் போட்டு நன்னாரி சர்பத் ஊத்தி வைப்போம், வெளியே என்ன நிறத்துல வருது பார்ப்போம்' என்று சொல்லுங்கள். வெளியே வருகிற சொட்டுக்கு நிறமே இருக்காது, விரலால் தொட்டு நக்கினால் இனிப்பும் இருக்காது. அப்புறம் பிள்ளை தானாகவே 'அப்போ இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு' என்று கேட்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். விடை உங்களுக்குத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, அந்தக் கேள்வியோடு அது மறுநாள் வகுப்புக்கு வந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது மஞ்சள். வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டின கறைக்குத் துவைக்கிற சோப்பு போட்டதும் சிவந்துபோவதைப் பார்க்காத வீடு கிடையாது. சோப்பு காரம் (நாக்கில் உறைக்கிற காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது), மஞ்சள் அந்தக் காரத்தில் சிவக்கும், அவ்வளவுதான் விஷயம். மஞ்சள் தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்தால் சோதனைத்தாள் தயார். சோப்புத் தண்ணீர், சுண்ணாம்புத் தெளிவு, எலுமிச்சைச் சாறு, மோர், சமையல் சோடா கரைசல் என்று ஒவ்வொன்றிலும் தொட்டு, எது சிவந்தது, எது மாறவில்லை என்று பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். சிவந்த துண்டில் எலுமிச்சை விட்டால் திரும்ப மஞ்சளாகும், அதைப் பிள்ளையே கண்டுபிடிக்க விட்டுவிடுங்கள். என் வகுப்பில் ஒரு பையனின் பாட்டி, பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர், ஆரத்தி எடுக்க மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் தண்ணீர் சிவப்பதைப் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். 8-ஆம் வகுப்பு அமிலம், காரம் பாடத்தை அன்று அந்தப் பாட்டி சொன்னதிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

ஆனால் பத்திரம். மின்சாரம் பாடம் என்றால் 1.5 வோல்ட் டார்ச் செல், அதோடு நிறுத்துங்கள். வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட், அதில் பிள்ளை எந்த ஒயரையும் செருகக் கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சோதனைக்கு எடுக்கவே வேண்டாம், அதையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடின குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. லென்ஸ் கிடைத்தால் அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மனப்பாடம் பற்றியும் ஒரு வார்த்தை. கைடில் இருக்கிற விடையை வரி மாறாமல் ஒப்பித்தால் இந்த வகுப்புகளில் மார்க் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாடத்தின் பின்னால் 'உயர் சிந்தனை வினாக்கள்' என்று ஒரு பகுதி இருக்கும், பெரும்பாலும் அதை யாரும் தொடுவதில்லை. வாரத்துக்கு அதிலிருந்து ஒரு கேள்வி எடுத்து, சாப்பிடும்போது பேசுங்கள். எழுதக்கூட வேண்டாம்.

வளரிளம் பருவம் பாடம்

8-ஆம் வகுப்புப் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு அலகு உண்டு. உடலில் வருகிற மாற்றங்கள், ஹார்மோன்கள், மாதவிடாய், சுகாதாரம், சத்துணவு எல்லாம் அதில் வரும். இதை 'நீங்களே படிச்சுக்கோங்க' என்று தாண்டிப் போகிற வகுப்பறைகள் உண்டு, 'இதையெல்லாம் எதுக்கு சார் நடத்தறீங்க' என்று சண்டைக்கு வந்த பெற்றோரும் உண்டு. பல பெண் பிள்ளைகள் 8-க்கு வரும் முன்பே வயதுக்கு வந்துவிடுகிறார்கள், பையன்களுக்குக் குரல் உடைகிறது, முகத்தில் பரு வருகிறது. ஏன் என்று தெரியாமல் பயந்துபோய் இருக்கிற பிள்ளைக்கு இதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கிற முதல் இடம் பல நேரம் எங்கள் வகுப்புதான். அந்தப் பாடம் நடந்ததா என்று கேளுங்கள், நடக்கவில்லை என்றால் நடத்தச் சொல்லுங்கள். அதை வீட்டில் விரித்து வைத்துப் படிக்கும்போது புத்தகத்தைப் பிடுங்கி மூடாதீர்கள். பையனும் மாதவிடாய் பற்றிப் படிக்கட்டும், அவனுக்கும் அக்கா தங்கை இருக்கிறார்கள்.

விட்டுவிடக் கூடாத இரண்டு

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ 8 படிக்கிற பிள்ளை, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாமல் இருந்தால், என்.எம்.எம்.எஸ். என்கிற ஒன்றிய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். தேர்வானால் 9 முதல் 12 வரை வருடம் 12,000 ரூபாய். 90 கேள்வி மனத்திறன், 90 கேள்வி பாடத்திறன், அந்தப் பாடத்திறனில் 35 அறிவியல். 7-ஆம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50). அதனால் 'ஏழாவதுதானே' என்று விட்டுவிட வேண்டாம். வருமானச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடாமல் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இன்னொன்று இன்ஸ்பயர் மானக் என்கிற ஒன்றிய அரசின் அறிவியல் விருதுத் திட்டம். 6-ஆம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் தங்கள் சொந்த யோசனையைப் பள்ளி மூலம் அனுப்பலாம், தேர்வானால் அதைச் செய்து பார்க்க 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். பள்ளிக்கு ஐந்து யோசனைதான், அதனால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இணையத்தில் பார்த்து அனுப்புவதைவிட, நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி, ஆட்டுப்பட்டி, பூக்கட்டுகிற வேலை என்று பிள்ளை தினமும் பார்க்கிற சிரமத்திலிருந்து வருகிற யோசனைதான் நன்றாக இருக்கும்.

எங்களைப் பார்க்க வரும்போது

'எப்படி சார் படிக்கிறான்' என்று கேட்டால் எங்களுக்கும் 'பரவாயில்லை, இன்னும் படிக்கணும்' என்றுதான் வாயில் வரும், அது உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. வகுப்பில் கேள்வி கேட்கிறானா, செய்முறையில் பொருளைக் கையில் எடுக்கிறானா, தள்ளி நிற்கிறானா, கரும்பலகை தெரிகிறதா என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம், அறிவியல் வரவில்லை என்று திட்டு வாங்கின இரண்டு பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வர முடியாவிட்டால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள், தமிழில் இரண்டு வரி போதும், நான் பதில் எழுதுவேன், பெரும்பாலான ஆசிரியர்களும் எழுதுவார்கள்.

அப்புறம், அமிலம் காரம் பாடம் வருகிற வாரம் பிள்ளை மஞ்சள் தூள் கேட்டு வந்து நிற்கும். அரை ஸ்பூன் கொடுங்கள், கீழே பழைய பேப்பர் விரியுங்கள், பள்ளிச் சீருடையைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.